பங்காளி நாடுகளின் வரிச் சண்டை: அடி ஏன் விவசாயி மேல் விழுகிறது?



சென்ற பருத்திப் பருவத்தில் ஒரு கிராமத்துக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். தலைப்பு, இளஞ்சிவப்புக் காய்ப்புழு மேலாண்மை. இனக்கவர்ச்சிப் பொறி எப்போது வைப்பது, எப்படிக் கண்காணிப்பது என்று பேசி முடித்தபோது பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "சார், புழுவை நாங்க பாத்துக்கறோம். அமெரிக்காவும் நாமளும் சிநேகிதம்னு டிவியில சொல்றாங்க. அப்புறம் எதுக்கு வரி போடறாங்க? அந்த வரிக்கும் என் பருத்திக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அன்று இரண்டே நிமிடத்தில் ஏதோ பதில் சொல்லிவிட்டு வந்தேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். இதைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை "வரி உயர்வு", "வர்த்தக ஒப்பந்தம்" என்று செய்தி வரும்போது எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்துப் பதற வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

நம் ஊர்ப் பங்காளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். குலதெய்வக் கோயில் திருவிழாவில் ஒன்றாக நிற்பார்கள். வெளியாள் வம்புக்கு வந்தால் ஒன்றாக எதிர்ப்பார்கள். ஆனால் வரப்பு என்று வந்துவிட்டால் ஒரு சாண் நிலத்துக்கு வழக்கு நடக்கும். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் அப்படித்தான். ராணுவத்தில் நேட்டோ என்ற ஒரே கூட்டணி. சந்தையில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வரப்புச் சண்டை. அந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப ஆயுதமாகப் பயன்படுவது விவசாயி விளைவித்த பொருள்.

கோழியில் தொடங்கிய சண்டை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கறிக்கோழி வளர்ப்பு பெரிய தொழிலாக மாறியது. நல்ல இனம், கலப்புத் தீவனம், பெரிய கொட்டகை என்று உற்பத்திச் செலவு குறைந்தது. மலிவான உறைகோழி கப்பல் கப்பலாக மேற்கு ஜெர்மனிக்குப் போனது. அங்கே வீட்டோடு சிறிய அளவில் கோழி வளர்த்தவர்களால் அந்த விலைக்குப் போட்டி போட முடியவில்லை.

அப்போதுதான் ஆறு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து பொதுச் சந்தை ஒன்றை உருவாக்கி, பொது வேளாண் கொள்கையையும் கொண்டுவந்தன. 1962ல் வெளியிலிருந்து வரும் கோழிக்கு வரியை உயர்த்தினார்கள். அமெரிக்கக் கோழியின் ஏற்றுமதி சட்டென்று சரிந்தது. கோழிப் பண்ணைகள் நிறைந்த ஆர்கன்சா மாநிலத்தின் செனட்டர் ஃபுல்பிரைட் முதல் பலரும் குரல் எழுப்பினார்கள். பெர்லினை முன்வைத்து ரஷ்யாவுடன் போர் வந்துவிடுமோ என்று உலகம் பயந்த காலம் அது. அந்த நேரத்திலும் நட்பு நாடுகளின் தலைவர்கள் கோழிக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

உலக வர்த்தகத்துக்கான அன்றைய பொது அமைப்பு, அமெரிக்காவுக்கு ஏற்பட்ட இழப்பை 2.6 கோடி டாலர் என்று கணக்கிட்டது. 1963 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஜான்சன் பதில் வரியை அறிவித்தார். உருளைக்கிழங்கு மாவுப்பொருள், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறு லாரி ஆகிய நான்குக்கும் வரி உயர்ந்தது. சிறு லாரிக்கு 25 சதவீதம். கோழிக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் வண்டிகள் அமெரிக்காவில் நன்றாக விற்றன, வலிக்கிற இடம் அதுதான் என்று தேர்ந்தெடுத்தார்கள்.

மற்ற மூன்று பொருள்களின் வரி பின்னாளில் குறைந்தது. சிறு லாரி மீதான 25 சதவீதம் மட்டும் அறுபது ஆண்டுகள் தாண்டியும் சட்டத்தில் நிற்கிறது. கோழிச் சண்டையை எல்லோரும் மறந்துவிட்டார்கள், ஆனால் அந்த வரியால் அமெரிக்க லாரிக் கம்பெனிகளுக்கு லாபம் இருந்ததால் அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. முதல் பாடம் இது. சண்டை முடிந்தாலும் வரி தானாகப் போகாது. அதனால் பலன் பெறும் கூட்டம் ஒன்று உருவாகிவிடும்.

செம்மறி ஆட்டுக்காரர் என்ன தப்பு செய்தார்?

அடுத்தது மாட்டிறைச்சி. அமெரிக்காவில் மாடுகள் சீக்கிரம் எடை போடுவதற்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுக்க அனுமதி உண்டு. அப்படி வளர்த்த மாட்டின் இறைச்சி வேண்டாம் என்று ஐரோப்பா 1989ல் தடை போட்டது. அறிவியல் ஆதாரம் போதாது என்று உலக வர்த்தக அமைப்பு ஐரோப்பாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகும் ஐரோப்பா தடையை எடுக்கவில்லை. 1999 ஜூலையில் அமெரிக்கா 11.68 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்களுக்கு 100 சதவீத வரி போட்டது. அந்தப் பட்டியலில் பிரான்சின் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியும் இருந்தது.

ரோக்ஃபோர் செம்மறி ஆட்டுப் பாலில் செய்வது. தெற்கு பிரான்சில் மேட்டு நிலத்தில் ஆடு மேய்ப்பவர்களின் பிழைப்பு அது. ஹார்மோன் மாட்டிறைச்சி வழக்குக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அவர்கள் பொருளின் விலை அமெரிக்கக் கடையில் ஒரே நாளில் எகிறியது. ஜோசே போவே என்ற ஆட்டுப்பண்ணை விவசாயி, 1999 ஆகஸ்டில் தன் கூட்டாளிகளோடு போய், மிலோ என்ற ஊரில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைப் பிரித்துப்போட்டார். சிறைக்குப் போனார். பிறகு ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். அவர் செய்த முறையை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது: யாரோ போட்ட சண்டைக்கு நான் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

வாழைப்பழக் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் வாழை விளைச்சல் மிகக் குறைவு. ஆனால் லத்தீன் அமெரிக்க நாடுகளில் தோட்டம் வைத்து வியாபாரம் செய்யும் பெரிய கம்பெனிகள் அமெரிக்காவுடையவை. ஐரோப்பா, தன் பழைய காலனி நாடுகளின் வாழைக்கு 1993 முதல் சலுகை கொடுத்தது. அமெரிக்காவும் ஈக்வடார் முதலான நாடுகளும் வழக்குப் போட்டு வென்றன. 1999ல் அமெரிக்கா 19.14 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியக் கைப்பை, படுக்கை விரிப்பு, பேட்டரி போன்றவற்றுக்கு வரி போட்டது. 2001ல் வரியை எடுத்தார்கள். ஆனால் வழக்கு முழுதாக முடிய 2012 ஆனது. பாதிக்கப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளில் நம் ஊர் போல ஓரிரு ஏக்கரில் வாழை வைத்திருந்த சிறு விவசாயிகள். சலுகை போனபின் பலர் வாழையையே விட்டுவிட்டார்கள்.

விமானத்துக்குச் சண்டை, எண்ணெய்க்கு அதிக வரி

விவசாயப் பொருளை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைத் தெளிவாகக் காட்டுவது விமானச் சண்டை. ஐரோப்பாவின் ஏர்பஸ், அமெரிக்காவின் போயிங் இரண்டுக்கும் அரசாங்கங்கள் முறைகேடாக உதவி செய்தன என்று 2004ல் தொடங்கிய வழக்கு அது. 2019 அக்டோபரில் அமெரிக்கா 750 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்களுக்கு வரி போட்டது. சண்டைக்குக் காரணமான விமானத்துக்கு 10 சதவீதம். ஸ்பெயின் ஆலிவ் எண்ணெய், பிரான்சு ஒயின், அயர்லாந்து வெண்ணெய் ஆகியவற்றுக்கு 25 சதவீதம். அடுத்த ஆண்டு ஐரோப்பாவும் பதிலுக்கு, விமானத்துக்கு 15 சதவீதமும் அமெரிக்க விவசாயப் பொருள்களுக்கும் தொழிற்சாலைப் பொருள்களுக்கும் 25 சதவீதமும் போட்டது.

இதற்கு நான் மூன்று காரணம் பார்க்கிறேன்.

ஒன்று, மாற்று கிடைப்பது. ஒரு விமானக் கம்பெனி இன்று ஏர்பஸ் வேண்டாம் என்றால் வேறு விமானத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஸ்பெயின் எண்ணெய் விலை ஏறினால் கடைக்காரர் இத்தாலி எண்ணெயை அடுக்கிவிடுவார். அதற்கு அப்போது வரி இல்லை. வரி போடும் நாட்டு மக்களுக்கு வலி குறைவு, விற்பவருக்கு வலி அதிகம்.

இரண்டு, காத்திருக்க முடியாமை. இயந்திரத்தை ஆறு மாதம் கிடங்கில் வைக்கலாம். வெண்ணெய், பழம், இறால் எல்லாம் காத்திருக்காது. விவசாயிக்குக் கடனும் காத்திருக்காது.

மூன்று, ஓட்டு. விவசாயம் குறிப்பிட்ட வட்டாரங்களில் குவிந்திருக்கும். 2018ல் அமெரிக்கா தேசப் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, நேட்டோ நண்பர்களின் இரும்புக்கே 25 சதவீத வரி போட்டது. ஐரோப்பா பதில் வரிக்கு எடுத்த பொருள்களைப் பாருங்கள்: கென்டக்கி மாநிலத்தில் மக்காச்சோளத்தில் காய்ச்சும் போர்பன் மது, நிலக்கடலை வெண்ணெய், ஆரஞ்சுச் சாறு, அரிசி. அன்றைய செனட் தலைவரின் சொந்த மாநிலம் கென்டக்கி. அந்த ஊர் விவசாயி கத்தினால் அந்தத் தலைவர் காதில் விழும் என்பது கணக்கு.

சமாதானமும் விவசாயப் பொருளில்தான்

சண்டை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். இவர்கள் உறவை அறுத்துக்கொள்வதில்லை. சமாதானமாகப் போகும்போதும் தட்டில் வைப்பது பெரும்பாலும் விவசாயப் பொருள்.

2018 ஜூலையில் சீனா அமெரிக்க சோயாபீன்ஸுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. அமெரிக்காவில் விலை விழுந்தது. அதே மாதக் கடைசியில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் யுங்கர் வாஷிங்டன் போய், நாங்கள் சோயா கூடுதலாக வாங்குகிறோம் என்று சொல்லி இரும்புச் சண்டை பெரிதாகாமல் தடுத்தார். அந்த ஆண்டின் பின்பாதியில் ஐரோப்பா வாங்கிய அமெரிக்க சோயா, முந்தைய ஆண்டைவிட இரு மடங்குக்கும் மேல். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. விலை விழுந்து கிடந்ததால் ஐரோப்பியத் தீவன ஆலைகள் எப்படியும் வாங்கியிருக்கும். தலைவர்கள் அதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்தார்கள்.

மாட்டிறைச்சியில் 2009ல் ஒரு வழி கண்டார்கள். ஹார்மோன் கொடுக்காத மாட்டிறைச்சிக்குத் தனி ஒதுக்கீடு. 2019ல் அந்த 45,000 டன்னில் படிப்படியாக 35,000 டன் அமெரிக்காவுக்கு என்று முடிவானது. ஐரோப்பா தன் தடையை விடவில்லை. அமெரிக்க விவசாயி ஹார்மோன் இல்லாமல் வளர்த்தால் சந்தை உண்டு. விமானச் சண்டையையும் 2021 ஜூனில் ஐந்து ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தார்கள்.

2025 ஜூலையில் ஸ்காட்லாந்தில் இரு தரப்பும் மறுபடி உட்கார்ந்தன. பெரும்பாலான ஐரோப்பியப் பொருள்களுக்கு 15 சதவீத வரி என்று முடிந்தது. பதிலாக, அமெரிக்கக் கொட்டை வகைகள், பால் பொருள்கள், பன்றி இறைச்சி, சோயா எண்ணெய் போன்றவற்றுக்கு ஐரோப்பா சலுகை தருவதாகச் சொன்னது. ஐரோப்பிய ஒயினுக்கு விலக்கு கேட்டார்கள், அந்த ஒப்பந்தத்தில் கிடைக்கவில்லை. அதே மாதம் ஜப்பானும் அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்தது. ஜப்பானுக்கு முக்கியம் கார். கார் வரியை 15 சதவீதமாகக் குறைத்துக்கொள்ள, அமெரிக்க அரிசியை 75 சதவீதம் கூடுதலாக வாங்க ஒப்புக்கொண்டது. ஆனால் ஜப்பான் ஒன்றை விடவில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 7.7 லட்சம் டன் என்று ஏற்கெனவே இருந்த மொத்த இறக்குமதி ஒதுக்கீட்டை உயர்த்தவில்லை. அதற்குள்தான் பங்கை மாற்றிக் கொடுத்தது. தன் நெல் விவசாயிக்கு வேலி போட்டுவிட்டுப் பேசியது.

இரண்டாம் பாடம் இது. பெரிய தொழிலுக்காகப் பேசும்போது விவசாயம் பேரப்பொருள் ஆகிறது. யார் முன்கூட்டியே எல்லை வரைந்து வைக்கிறார்களோ அவர்கள் விவசாயி தப்புகிறார்.

பெரியவரின் பருத்திக்கு என்ன சம்பந்தம்?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். இந்தியா அமெரிக்காவின் ராணுவக் கூட்டணியில் இல்லை. ஆனால் நெருங்கிய கூட்டாளி என்று இரு தரப்பும் சொல்லிக்கொள்கின்றன. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா மொத்தம் 50 சதவீதம் வரி போட்டது. அதில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்காக. எண்ணெய் வாங்கியவர் வேறு. அடி விழுந்தது திருப்பூர் பனியனுக்கும் கடலோர இறாலுக்கும்.

ஆர்டர் குறையும் என்று ஆடைத் தொழில் பதறியது. நூல் விலையாவது குறையட்டும் என்று மத்திய அரசு பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை ஆகஸ்ட் 19 முதல் நிறுத்திவைத்தது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். புதுப் பருத்தி சந்தைக்கு வரும் மாதங்கள் அவை. வெளிநாட்டுப் பஞ்சு வரியில்லாமல் வரும்போது ஆலைக்காரர் உள்ளூர்ப் பஞ்சுக்கு விலையை ஏற்றிக் கேட்க மாட்டார். பெரியவரே, உங்கள் பருத்திக்கும் அந்த வரிக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

அந்த முடிவு தப்பு என்று ஒரே வரியில் சொல்லவும் மாட்டேன். திருப்பூரில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பது நம் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆலை மூடினால் பருத்தி வாங்கவும் ஆள் இருக்காது. ஆனால் ஆலையின் சுமையை விவசாயி பக்கம் நகர்த்தும்போது, விவசாயிக்கு ஈடு என்ன என்று அதே நாளில் பேசியிருக்க வேண்டும். 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் வரிச் சண்டையில் நட்டப்பட்ட தன் விவசாயிகளுக்கு அமெரிக்க அரசு பல நூறு கோடி டாலர் நேரடியாகக் கொடுத்தது. நம்மிடம் இருப்பது குறைந்தபட்ச ஆதரவு விலை. 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டால் 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். அது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால்தான் ஈடு.

நீங்கள் செய்யக்கூடியவை

1. தலைப்புச் செய்தியைப் பார்த்து விற்காதீர்கள். எந்தப் பொருள், எத்தனை சதவீதம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று மூன்றையும் கேளுங்கள். "வரி போட்டாச்சு, நாளைக்கு இன்னும் இறங்கும்" என்று சொல்லி வாங்க வரும் வியாபாரியிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

2. பருத்தி விவசாயிகள் இந்தியப் பருத்திக் கழகத்தில் விற்கப் பதிவு, நில ஆவணம், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் அறுவடைக்கு முன்பே தயார் செய்யுங்கள். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். 8 சதவீதத்துக்கு மேல் போகப்போக விலையும் குறையும். பனி காய்ந்த பிறகு எடுங்கள், நிழலில் உலர்த்துங்கள், கொட்டுப்பருத்தியைத் தனியே வையுங்கள்.

3. விலை விழுந்த வாரத்தில் பணம் தேவைப்பட்டால், விற்பதற்கு முன் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் கிடைக்குமா என்று விசாரியுங்கள். மக்காச்சோளம், பயறு, நிலக்கடலை போன்ற தாங்கும் பொருளுக்கு இது உதவும்.

4. ஏற்றுமதிக்குப் போகும் பொருள் வைத்திருப்பவர்கள் மருந்து அடித்த தேதி, மருந்தின் பெயர், அளவு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். இறால் பண்ணையில் தடைசெய்த ஆன்டிபயாடிக் பக்கமே போகாதீர்கள். வரிச் சுவர் ஒரு நாள் இறங்கலாம், தரச் சுவர் இறங்காது. ஹார்மோன் சண்டை சொல்வது அதைத்தான்.

5. ஒரே பயிர், ஒரே வியாபாரி, ஒரே நாடு என்று நிற்காதீர்கள். தனி ஆளாக மாற்றுச் சந்தை தேடுவது கடினம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகத் தேடலாம்.

6. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கத்திப் பயன் இல்லை. பேச்சு நடக்கும்போதே மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். "எங்கள் பயிருக்கு இறக்குமதி வரியைக் குறைத்தால் அதே நாளில் கொள்முதல் நிலையமும் திறக்க வேண்டும்" என்று பொருளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது அந்தப் பெரியவர் என்னிடம், "அப்போ அவங்க சமாதானம் ஆனாலும் நாம உஷாராத்தான் இருக்கணும்" என்றார். ஆமாம் ஐயா. சண்டை என்று செய்தி வந்தால் உங்கள் பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சமாதானம் என்று வந்தால், எந்தப் பொருளைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள் என்று பாருங்கள். இந்த வாரமே ஒரு வேலை செய்யலாம்: நீங்கள் விற்கும் பொருள் கடைசியாக எந்த ஊருக்கு, எந்த நாட்டுக்குப் போகிறது என்று உங்கள் வியாபாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.